பன்னிரண்டு மிதி

தார்விஸுக்கு ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு பிரேக். பிடித்ததற்காக அல்ல, பிடிக்காமல் போனதற்காக.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. அலஹான் பாஞ்சாங்கில் ஆறு சக்கர வண்டி நிறைய முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு பாடாங் சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தான். சித்திஞ்சாவ் மலை இறக்கத்தில், அந்தப் பெரிய வளைவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மிதித்த பெடல் போய்த் தரையைத் தொட்டது. வேறு யாராவது என்றால் கதவைத் திறந்துகொண்டு குதித்திருப்பார்கள். தார்விஸ் குதிக்கவில்லை. பெடலை டக் டக் டக்கென்று விடாமல் அடித்தான். ஆயில் பிரேக்கில் ஒரு சௌகரியம் உண்டு. அப்படி அடித்தால் மிச்சமிருக்கிற ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து பெடலை மேலே தூக்கும். தூக்கியது. வண்டி பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நாலைந்து முட்டைக்கோஸ் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் பள்ளத்தில் குதித்தன.

சொந்த ஊரான சொலோக்கில் ஊனி ரோஸ்மாவின் டீக்கடையில் இதை அவன் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. முதல் வருஷம் ஒரு முழமாக இருந்த இடைவெளி மூன்றாம் வருஷம் ஒரு சாணாயிற்று. இப்போது நான்கு விரல்கடையில் வந்து நிற்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் வண்டி அந்தரத்திலேயே நின்றது என்பான் என்று கடையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

ரோஸ்மா ஊருக்கே அக்கா. அதனால் எல்லோருக்கும் ஊனி. முட்டைத் தேநீர் போடுவதில் அவளை அடிக்க ஆளில்லை. கிளாசில் மஞ்சள் கருவையும் சீனியையும் போட்டு நுரைத்துப் பொங்கும்வரை அடிப்பாள். கதையின் உச்சத்தில் தார்விஸ் அவள் கையைத்தான் காட்டுவான்.

"அந்தா பாருங்க, ஊனி அடிக்கிறாங்கல்ல, அந்த மாதிரி அடிக்கணும் பெடலை. நடுவுல நிறுத்தினீங்க, முட்டையும் கெட்டுச்சு, நீங்களும் கெட்டீங்க."

"உன் வண்டி நின்னது பிரேக்கால இல்ல தார்விஸ்," என்பாள் ரோஸ்மா, கை நிற்காமலே. "உன் வாயைக் கேட்டு மலையே மிரண்டு போயி நிறுத்தியிருக்கும்."

கடை சிரிக்கும். தார்விஸும் சிரிப்பான். ஆனாலும் லாரி ஓட்டுகிற ஒருவன்கூட அந்தக் கதையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிரோடு திரும்பி வந்தவன் சொல்வதை எப்படித் தள்ளுவது? பிரேக் மெத்தென்று போனால் முட்டை அடி என்பது அந்தக் கடையில் ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

அவன் தங்கை எல்மிதாவின் புருஷன் ஆஸ்ரிலும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பரியாமானிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவன். கல்யாணத்தன்று சூட்டிய பட்டத்தைச் சொல்லித்தான் பெண் வீட்டார் அவனைக் கூப்பிடுவார்கள், பகிந்தோ என்று. மரியாதையான மனுஷன், அதிர்ந்து பேசத் தெரியாது. தெரிந்தாலும் பேச இடமில்லை. இங்கே வீடு பெண்ணுடையது, வீட்டின் பேச்சு அவள் அண்ணனுடையது. பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்தாலும் புருஷன் கொஞ்சம் விருந்தாளிதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்ரிலுக்கு ஒரு பத்துச் சக்கர வண்டி கிடைத்தது. பழசு, நிலக்கரி ஏற்றுகிற வண்டி. ஓட்டக் கிளம்புகிற வாரத்தில் ரோஸ்மா கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"உடா, பெரிய வண்டில பெடல் மெத்துன்னு போனா என்ன செய்யறது?"

உடா என்றால் அண்ணன். தார்விஸ் யோசிக்கக்கூட இல்லை.

"பெரிய வண்டின்னா பெரிய முட்டைன்னு நெனச்சுக்கோங்க, பகிந்தோ. அடிச்சுக்கிட்டே இருங்க!"

கடையே விழுந்து விழுந்து சிரித்தது. ஆஸ்ரிலும் சிரித்தான், தலையையும் ஆட்டிக்கொண்டான்.

நாலு மாதம் கழித்து அதே சித்திஞ்சாவ் இறக்கத்தில் ஆஸ்ரிலின் வண்டிக்குப் பிரேக் போயிற்று. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கமாக ஒடித்து மோதினான். யாரும் சாகவில்லை. அவனுடைய வலது கால் மட்டும் முழங்காலுக்கு மேலேயே போயிற்று. பிரேக் நன்றாகத்தான் இருந்தது, ஓட்டுநர் தவறு என்றார் வண்டி முதலாளி. கேட்டவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். பகிந்தோ நல்லவர், ஆனால் கை கால் வேகம் பத்தாது என்று டீக்கடையும் தீர்ப்பு எழுதி முடித்தது.

ஆஸ்ரில் அதை நம்பினான். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து தார்விஸ் தங்கை வீட்டுக்குப் போவான். அண்ணன் போய்த்தான் ஆக வேண்டும். ஆஸ்ரில் கைலியை மடித்துத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பான்.

"இன்னும் வேகமா அடிச்சிருக்கணும் உடா. நான் பயந்துட்டேன்."

தார்விஸ் அவன் தோளைத் தட்டிக் கொடுப்பான்.

"விடுங்க பகிந்தோ. அதெல்லாம் எல்லாருக்கும் வந்துராது."

பெருந்தன்மையாகச் சொல்கிறோம் என்று அப்போது அவனுக்கு நினைப்பு.

இந்த வருஷம் பாமாயில் ஆலை ஒன்றில் தார்விஸுக்கு டேங்கர் கிடைத்தது. பத்துச் சக்கரம், புத்தம் புதுசு, தெலுக் பாயூர் துறைமுகத்துக்கு எண்ணெய் இறக்குகிற வேலை. ஏர் பிரேக் பழக்கமா என்று கேட்டார்கள். தண்ணி பட்ட பாடு என்றான். நாற்பத்தாறு வயசு வரை அவன் கால் மிதித்ததெல்லாம் ஆயில் பிரேக்தான். ஆனால் பெடல் பெடல்தானே என்பது அவன் எண்ணம்.

ஆலையின் மெக்கானிக் தம்புனான், பதாக் இனத்துப் பையன்... பையன் என்றால் இருபத்தெட்டு வயசு, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். பதாக்காரர்களுக்குப் பழகினவன் எல்லாம் மச்சான், அவர்கள் பாஷையில் லாயே. வாயில் வடிகட்டி கிடையாது. வியாழக்கிழமை காலையில் வண்டியை ஒப்படைக்கும்போது தார்விஸை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்துவிட்டுப் படியில் தொற்றி நின்றான்.

"லாயே, அந்த மீட்டரைப் பாரு. என்ன தெரியுது?"

"முள்ளு தெரியுது."

"எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டு எதுக்கு?"

தார்விஸுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லுகிற வழக்கமும் அவனுக்கு இல்லை.

"ஒண்ணு ரிப்பேரானா இன்னொண்ணு இருக்கட்டும்னு வச்சிருப்பான்."

தம்புனான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டியின் அடியில் படுத்திருந்தவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான்.

"தண்ணி பட்ட பாடுன்னியே லாயே! நல்லாப் பட்டிருக்கு தண்ணி. வெள்ளை முள்ளு முன் சக்கரத்து டேங்கு. சிவப்பு முள்ளு பின் சக்கரத்து டேங்கு. டேங்குல எவ்வளவு காத்து இருக்குன்னு காட்டுது. டீசல் மீட்டரைப் பாத்து இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்னு கணக்குப் போடுவேல்ல? இது, இன்னும் எத்தனை மிதி மிச்சம்னு காட்டுற மீட்டர்."

"மிதி மிச்சமா?"

"ஆமா. எட்டரைல நின்னா வயிறு நெறைஞ்சிருக்கு. அஞ்சுக்குக் கீழ போனா பஸர் கத்தும். கத்தினா ஓரங்கட்டிடணும். ஆயில் வண்டிலருந்து வர்றவங்க எல்லாம் ஒரே ஜாதி லாயே. பயந்தா பெடலைப் போட்டு அடிப்பாங்க. ஆயில்ல அடிச்சா சேரும். இதுல அடிச்சா செலவு. ஒவ்வொரு தடவை காலை எடுக்கறப்பவும் உஸ்ஸுங்குதே, அந்தக் காத்து உள்ள திரும்பல, வெளிய போயிடுச்சு. கம்ப்ரசர் அடிச்சு ரொப்பறதுக்குள்ள நீ வளைவுக்கு வந்திருப்பே."

"தம்பி, நான் சித்திஞ்சாவ்ல அடிச்சு நிறுத்தினவன்."

"எந்த வண்டி?"

"ஆறு சக்கரம்."

"ஆயில் பிரேக்கா?"

"ம்."

"அப்ப அந்தக் கதையை ஆயில் வண்டிக்காரன்கிட்ட மட்டும் சொல்லு. ஏர் வண்டிக்காரன்கிட்ட சொன்னா அவனைக் கொன்னுடுவே," என்று சொல்லிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சாப்பிடப் போய்விட்டான் தம்புனான்.

அவன் எதையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. ஆஸ்ரிலை அவனுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் அந்தச் சொல் நேராக வந்து இறங்கியது.

தார்விஸ் கீழே இறங்கி நான்கு சக்கரங்களுக்குக் கட்டை வைத்தான். மறுபடி ஏறி உட்கார்ந்து, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். இரண்டு முள்ளும் எட்டரையில் நின்றன. முதலில் ஒரே மிதியாக மிதித்துப் பிடித்தான். முள் சிறிய கோடு ஒன்று இறங்கி நின்றது. மனசுக்குள் அறுபது வரை எண்ணினான். நின்ற இடத்திலேயே நின்றது.

பிறகு அடிக்க ஆரம்பித்தான். ஊர் மெச்சிய அதே அடி. உஸ், உஸ், உஸ். ஒவ்வொரு உஸ்ஸுக்கும் இரண்டு முள்ளும் மாடிப்படி இறங்குவதுபோல் ஒவ்வொரு படி இறங்கின. ஏழு. ஆறு. ஒன்பதாவது மிதியில் பஸர் வீறிட்டது. பன்னிரண்டாவது மிதியில் பின்னாலிருந்து வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஏர் தீர்ந்துபோனால் ஸ்பிரிங் வந்து பின் சக்கரங்களைத் தானே கவ்விக்கொள்கிற புது வண்டி இது. ஆஸ்ரிலின் பழைய வண்டியும் ஏர் பிரேக்தான், ஆனால் அதில் அந்த ஸ்பிரிங் கிடையாது. நொறுங்கிய வண்டியை இழுத்து வரப் போனவன் தார்விஸ்தான், அவனுக்கு அது தெரியும். அதில் ஏர் தீர்ந்தால் பெடல் வெறும் இரும்புத் துண்டு.

பன்னிரண்டு மிதிக்கு எட்டு வினாடி ஆகியிருக்கும். இறக்கத்தில் எட்டு வினாடி என்றால் வளைவுக்குப் பாதித் தூரம்கூட ஆகாது.

பஸர் கத்திக்கொண்டே இருந்தது. தார்விஸ் சாவியைத் திருப்பி அதை நிறுத்தவில்லை. ஆஸ்ரில் மெதுவாக அடிக்கவில்லை. ஆஸ்ரில் சொன்னபடி அடித்தான். வேகமாக, விடாமல், அண்ணன் சொன்ன சொல்லைத் தட்டாத நல்ல மாப்பிள்ளையாக, டேங்கில் இருந்த கடைசிக் காற்று வரை அடித்துத் தீர்த்தான். அந்தக் காலை எடுத்தது மலையோ வண்டியோ இல்லை. ரோஸ்மா கடையில் நாலு பேரைச் சிரிக்க வைப்பதற்காக வாயில் வந்ததைச் சொன்ன ஒரு மனுஷன். தார்விஸ் வண்டியிலிருந்து இறங்கி, டயருக்குப் பக்கத்தில் குந்தி, வாந்தி எடுத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனான். வழக்கமாக ஒரு சீப்புதான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். ஆஸ்ரில் புது வண்டியைப் பற்றி ஆசையாக விசாரித்தான், பிறகு வழக்கமான இடத்துக்கு வந்தான்.

"நான் இன்னும் வேகமா அடிச்சிருந்தா..."

தார்விஸ் வாயைத் திறந்தான். பழம் நல்லா பழுத்திருக்கு, சாப்பிடுங்க என்றான்.

மனசுக்குக் காரணம் கண்டுபிடிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வண்டி பழசு. நிலக்கரி அளவுக்கு மேலே ஏற்றியிருந்தார்கள். மேட்டிலேயே கியரைக் குறைத்திருக்க வேண்டும். எல்லாம் உண்மைதான். இப்போது சொன்னால் போன கால் திரும்பி வருமா? எல்மிதா என்ன நினைப்பாள்? அவள் பெண்கள் இரண்டு பேரும் தாய்மாமனை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்? இதெல்லாம் அவன் சொல்லிக்கொண்ட காரணங்கள். சொல்லிக்கொள்ளாத காரணம் ஒன்று உண்டு. அந்தக் கதை இல்லாவிட்டால் தார்விஸ் யார்? முட்டைக்கோஸ் ஏற்றின ஒரு டிரைவர், அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளியும் போனது. அதற்கடுத்த வெள்ளியும் போனது. இதற்கிடையில் தினமும் அதே இறக்கத்தில் டேங்கரை இறக்கினான். மேட்டிலேயே கியரைக் குறைத்து, ஒரே மிதியாக மிதித்துப் பிடித்து, ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் முள்ளிலுமாக இறங்கினான். தனக்கு மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டான்.

மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள் ரோஸ்மா கடையில் ரிஸ்மான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பத்துச் சக்கர வண்டி கிடைத்திருக்கிறது, ஏர் பிரேக், திங்கட்கிழமை கிளம்புகிறான். அதுவரை கோழித் தீவன வேனில் ஓடிக்கொண்டிருந்தவன்.

"ரிஸ்மான்," என்றான் தார்விஸ், கிளாசைப் பார்த்தபடி. "அந்த அடிக்கிற வேலை பெரிய வண்டிக்குச் சரிப்படாது."

"பாருடா!" என்றான் ஒருத்தன். "இன்னொருத்தன் பேர் வாங்கிடக் கூடாதாம்."

"முட்டைக்கு உடா காப்புரிமை வாங்கி வச்சிருக்கார்."

"கதையைச் சொல்லு தார்விஸ், ரிஸ்மானுக்காக ஒரு தடவை," என்றாள் ரோஸ்மா. "இப்ப எத்தனை விரல்? மூணா?"

"நெசமாத்தான் சொல்றேன். சரிப்படாது."

"நீங்க கவலைப்படாதீங்க உடா," என்றான் ரிஸ்மான், நெஞ்சைத் தட்டி. "நான் ஒண்ணும் பகிந்தோ மாதிரி மெதுவா அடிக்கிற ஆளில்ல."

கடை சிரித்தது. தார்விஸ் டீயைத் தொடாமல் எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எண்ணெய் இறக்கிவிட்டு வந்த காலி டேங்கரை நேராகத் தங்கை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனான். எல்மிதா மரவள்ளி வறுத்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்ன உடா இது? வேலியெல்லாம் போச்சு! டேங்கரை எங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தறே, எண்ணெய் ஊத்தித் தரப் போறியா?"

"பகிந்தோவை வண்டில ஏத்தணும். ஒரு கை பிடி."

"எதுக்கு?"

"பிடி, சொல்றேன்."

ஆஸ்ரில் வேண்டாம் வேண்டாம் என்று கூச்சப்பட்டான். தார்விஸ் அவனை முதுகில் தூக்கிக்கொண்டான். எல்மிதா பின்னாலிருந்து தள்ளினாள். மூன்று பேருமாக மூச்சிரைத்து, நடுவில் ஒரு தரம் கைலி கதவில் மாட்டி, எல்மிதா சிரித்து, ஒருவழியாக ஆஸ்ரில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான். இரண்டு வருஷத்துக்கும் மேலாகிவிட்டது அவன் ஸ்டீயரிங்கைத் தொட்டு. இரண்டு கையாலும் அதைத் தடவினான். தார்விஸ் கட்டைகளை வைத்துவிட்டு அந்தப் பக்கமாக ஏறி உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். எல்மிதா கீழே கதவோரம் நின்றாள்.

"அந்த ரெண்டு முள்ளைப் பாருங்க, பகிந்தோ. இடது காலால பெடலை மிதிச்சுப் பிடிங்க. எடுக்காதீங்க."

ஆஸ்ரில் மிதித்தான். முள் ஒரு கோடு இறங்கி நின்றது. நிற்பதைப் பார்த்தான்.

"இப்ப அடிங்க. அன்னிக்கு அடிச்ச மாதிரி."

ஆஸ்ரில் அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அடித்தான். இடது கால் என்றாலும் வேகமாகத்தான் அடித்தான். இந்த ஆளையா வேகம் பத்தாதென்று ஊர் சொன்னது என்று தார்விஸுக்குத் தோன்றியது. உஸ், உஸ், உஸ். பஸர் வீறிட்டது. ஆஸ்ரிலின் கண் முள்ளை விட்டு நகரவில்லை. வண்டி குலுங்கியதும் காலை எடுத்துவிட்டான்.

தார்விஸ் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான். பஸர் நின்றது. அடுப்பில் எண்ணெய் பொரிகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

"எத்தனை மிதி?" என்றான் ஆஸ்ரில்.

"பன்னிரண்டு."

"நான் அன்னிக்கு நாப்பது தடவைக்கு மேல அடிச்சிருப்பேன்."

"தெரியும். நீங்க சரியாத்தான் செஞ்சீங்க, பகிந்தோ. நான் சொன்னதைச் சரியாச் செஞ்சீங்க. நான் சொன்னதுதான் தப்பு. ஏர் பிரேக்குல அடிக்கவே கூடாது. எனக்கு அது தெரியாது. தெரியாமயே சொன்னேன்."

ஆஸ்ரில் மீட்டரின் கண்ணாடியை விரலால் தடவினான். முகத்தில் கோபம் வரும் என்று தார்விஸ் காத்திருந்தான். கோபம் வந்தால் நல்லது என்றும் இருந்தது. 

"இந்தக் கால் இருக்கே," என்றான் ஆஸ்ரில், இல்லாத காலைக் காட்டி. "இது போகல உடா. டாக்டர் எடுத்துட்டேன்னார், ஆனா போகல. படுத்தா ஆரம்பிச்சுடும். அடிச்சுக்கிட்டே இருக்கும். பெடலை. இன்னும் வேகமா, இன்னும் வேகமான்னு. விடியற வரைக்கும். இவகிட்டகூட சொன்னதில்ல."

கீழே நின்ற எல்மிதா கரண்டியை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?" என்றான் ஆஸ்ரில்.

பொய் சொல்ல அப்போதும் இடமிருந்தது. இன்றைக்குக் காலையில்தான் என்று சொல்லியிருக்கலாம்.

"பதினேழு நாளா."

"பதினேழு நாள்." ஆஸ்ரில் விரல்களைப் பார்த்தான். "மூணு வெள்ளிக்கிழமை வந்தீங்க."

"வந்தேன்."

"அன்னிக்குச் சொன்னது தெரியாமச் சொன்னது. அதை நான் மன்னிக்க ஒண்ணுமில்ல உடா, நானும்தான் கேக்காம விட்டேன், மீட்டர்ல எதுக்கு ரெண்டு முள்ளுன்னு. ஆனா இந்தப் பதினேழு ராத்திரி நான் அடிச்சது... அது உங்க கணக்கு."

பதினெட்டு வருஷத்தில் ஆஸ்ரில் அந்த வீட்டு ஆள் ஒருவரிடம் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. தார்விஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரிஸ்மான் நாளைக்குக் கிளம்பறானாமே," என்றான் ஆஸ்ரில். "என்னை ரோஸ்மா கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

"நான் சொல்லிடறேன் பகிந்தோ. நீங்க எதுக்கு..."

"நீங்க சொன்னா சிரிப்பாங்க. நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். நீங்க பக்கத்துல உக்காந்திருக்கணும்."

அடுப்பை அணைத்துவிட்டு எல்மிதாவும் கிளம்பினாள். டீக்கடை ஆண்கள் உட்காரும் இடம்தான். அன்றைக்கு அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்ரிலுக்குக் கதை சொல்லத் தெரியாது. முழத்தைச் சாணாக்கவும் தெரியாது. எங்கே பிரேக் மெத்தென்று போயிற்று, யார் சொன்னதை நினைத்துக்கொண்டான், எத்தனை தடவை அடித்தான், பெடல் எப்போது வெறுமையாயிற்று என்று நடந்ததை நடந்தபடி சொன்னான். முதல் இரண்டு வாக்கியத்துக்குச் சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் மூன்றாவதற்குச் சிரிக்கவில்லை. ரோஸ்மாவின் கை கிளாசுக்குள் நின்றுபோயிற்று. அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

"அவர் சொன்னபடியே செஞ்சேன். அதனாலதான் கால் போச்சு," என்று முடித்தான் ஆஸ்ரில்.

ரிஸ்மான் மெல்லத் தார்விஸ் பக்கம் திரும்பினான்.

"உடா? நெசமா?"

பெஞ்சில் இருந்த எல்லாக் கண்ணும் தார்விஸ் மேல். பதினோரு வருஷமாக அதே பெஞ்சில் அதே கண்கள் அவனைப் பார்த்திருக்கின்றன.

"நெசம்," என்றான் தார்விஸ். "தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். உங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"அப்ப முள்ளு இறங்கினா என்ன பண்றது?" என்று கேட்டான் ரிஸ்மான். கேட்டது தார்விஸை அல்ல.

"இறங்க விடாதே," என்றான் ஆஸ்ரில். "மேட்டுலயே கியரைக் குறை. மிதிச்சா மிதிச்சுப் பிடி. அஞ்சுக்கு வந்துட்டா ஓரங்கட்டு, யார் ஹாரன் அடிச்சாலும் சரி."

அடுத்த வெள்ளிக்கிழமை தார்விஸ் தங்கை வீட்டுக்குப் போனான். போக வேண்டாமென்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவன், போனான். எல்மிதா டீயைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஐந்து நாளாக அவனோடு பேசவில்லை. இன்னும் எத்தனை நாள் என்று தெரியவில்லை. ஆஸ்ரில் நாற்காலியில் இருந்தான். ரிஸ்மான் ரெண்டு நடை போய்விட்டு வந்துவிட்டான் என்று சொன்னான். மழையைப் பற்றிச் சொன்னான். வழக்கமான இடத்துக்கு மட்டும் வரவில்லை.

கடைசியில் தார்விஸே கேட்டான்.

"அந்தக் கால்... இன்னும் அடிக்குதா, பகிந்தோ?"

ஆஸ்ரில் மடித்துச் செருகிய கைலிக்குக் கீழே, ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்தான்.

"இல்ல. இப்ப ஒரே மிதி. மிதிச்சு அப்படியே பிடிச்சுக்கிட்டிருக்கு."

"வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யுது," என்றான் ஆஸ்ரில். "ஆனா தூங்கறேன்."